இரு நாட்டு நட்புறவுத் தீர்மானம் எண் ஐந்து

ஃபராஃபெனி,
காம்பியா.
திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் சாலியூ இஞ்சாய் அவர்களுக்கு,

சலாம். உங்கள் உடம்புக்குச் சமாதானமா? வீட்டுக்குச் சமாதானமா? பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, கடலை மூட்டைகளுக்கு, கொல்லையில் கட்டியிருக்கும் ஆடுகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரனோடு நடக்கும் சுவர்த் தகராறுக்குக்கூடச் சமாதானம்தானா? இங்கே சமாதானம் மட்டுமே. ஊர் சமாதானம், எல்லைச் சாவடி சமாதானம், நான் ரொம்பவே சமாதானம். வேளைக்குத் தொழுகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் உடனே தூங்கிவிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, யாரும் இல்லையே என்ற குறையும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் இதை வாசிக்கும்போது பக்கத்தில் யாராவது அரிசி பொறுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடும். அப்படியானால் இந்தப் பத்தியை மட்டும் உரக்க வாசித்துவிட்டு, மீதியைப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் தனியாக வாசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். மச்சான், உங்களுக்கு இடது காது கேட்காது, வலது காது கேட்டதை ஒப்புக்கொள்ளாது. போன ரமலானில் பேரீச்சம்பழம் அனுப்புகிறேன் என்று நான் போனில் கத்தியது எங்கள் தெரு முழுக்கக் கேட்டு, பதினாறு வீட்டுக்காரர்கள் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. சரி, உங்கள் தங்கச்சியின் எண்ணுக்குக் கூப்பிட்டால், எடுத்த எடுப்பில் “இங்க எல்லாரும் சமாதானம், அங்க சமாதானமா?” என்பாள். நான் “சமாதானம்” என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் வைத்துவிடுவாள். அதனால்தான் கடிதம். எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் கவுலாக் வரைக்கும் ஏழு பேர் ஏறுகிற வாடகைக் கார் ஓட்டுகிற மூசா கையில் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். புதன்கிழமை மதியத்துக்குள் இது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். உட்கார்ந்து வாசியுங்கள், நின்றுகொண்டு வாசிக்கிற விஷயம் இல்லை.

உங்கள் தங்கச்சி ரோஹி ஏன் என்னை விட்டுப் புறப்பட்டு உங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் நீங்கள் அன்றைக்கே உலக்கையோடு வந்திருப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். நான் ஜோப், அவள் இஞ்சாய். இந்த இரண்டு குலத்துக்கும் பிறவியிலிருந்தே கேலி முறை. யார் யாரை என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் விடிவதே வசவில்தான். “இஞ்சாய்க்கு மூளை வயித்துக்குள்ள, அதான் சோத்தைக் கண்டா யோசனை வருது” என்பேன் நான். “ஜோப்பு வேலைக்குப் போற வேகத்துல போனா ஆமை பின்னால வந்து ஹாரன் அடிக்கும்” என்பாள் அவள். கேட்கிறவர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைப்பார்கள். நாங்கள் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறோம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, வடக்கிலிருந்து புழுதிக்காற்று வீசிக்கொண்டிருந்த நாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் முற்றத்தில் நின்று உங்கள் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே கடலை எப்படி, அங்கே கல்யாணம் எப்போது, அங்கே மீன் வந்ததா என்று ஒரே சிரிப்பு. ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். நான் சொன்னேன், “அங்க, அங்க, எப்பப் பார்த்தாலும் அங்க! உசுரு அங்கதான் இருக்குன்னா உன் நாட்டுக்கே போயேன்.” சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பதிலுக்கு ஒரு வசவு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, மச்சான். ஏதோ சாவடியில் முத்திரை குத்தக் காத்திருக்கிற வெளியூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி. “என் நாடா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை ஒரு பையோடு மூசாவின் காரில் ஏறினாள். ஏறும்போதுகூட ஒரு வசவு இல்லை. கார் திரும்புகிற வரைக்கும் நான் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ரொம்பச் சௌக்கியம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதில் மாற்றமில்லை. சாப்பாட்டை மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டிலிருந்து மதியம் ஒரு கிண்ணம் சோறு வந்துவிடும். நல்ல சோறுதான். ஆனால் நமக்குப் பெரிய தாம்பாளத்தில் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுத்தானே பழக்கம்? ரோஹி நடுவில் இருக்கிற மீனைப் பிய்த்து, முள் எடுத்து, யாருக்கும் தெரியாத மாதிரி என் பக்கம் தள்ளுவாள். தள்ளிவிட்டு “பார், பார், ஜோப்பு மொத்த மீனையும் தன் பக்கம் இழுத்துக்கிட்டான்” என்று ஊரைக் கூட்டுவாள். இப்போது மீன் நடுவிலேயே கிடக்கிறது. நான் சுற்றியிருக்கிற சோற்றைத் தின்றுவிட்டு மீனைப் பார்க்கிறேன். அது என்னைப் பார்க்கிறது. கடைசியில் பூனை தின்கிறது. பூனை நன்றாகக் கொழுத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

நீங்கள் கேட்கலாம், இவ்வளவு இருக்கிறவன் ஒரு நாள் கார் ஏறி வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே, ரெண்டு மணி நேரப் பயணம்தானே என்று. மூன்று தடவை சாவடி வரைக்கும் வந்தேன், மச்சான். முப்பது வருஷம் அந்தச் சாவடியில் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருந்தவன் நான். நம் ஜனங்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பாஷைதான், வொலோஃப். ஆனால் அந்தப் பக்கத்து அரசாங்கம் பிரெஞ்சில் யோசிக்கிறது, இந்தப் பக்கத்து அரசாங்கம் ஆங்கிலத்தில் யோசிக்கிறது. ரெண்டும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு ஜோப் தேவைப்பட்டது. ரோஹியை முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். “பயணத்தின் நோக்கம்?” என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, நான் வொலோஃபில் கேட்க, “இந்த மூஞ்சியைப் பார்க்க வரலைன்னு சொல்லு, அத்தை மகள் கல்யாணத்துக்கு வந்தேன்” என்றாள். நான் பின்பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். ரொக்காயா என்று அவள் சொன்னதை எங்கள் பக்கத்து எழுத்தர் ரோஹி என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் ரொக்காயா, இந்தப் பக்கத்தில் ரோஹி. இப்படி இருக்க, மூன்று தடவையும் சாவடியில் இருக்கிற புதுப் பையன், “ஐயா, பயணத்தின் நோக்கம்?” என்று மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு எந்தப் பாஷையிலும் பதில் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் எங்கள் ஊர்த்தலைவர் ஃபோடே சீசே வீட்டுக்கு வந்தார். இரண்டு நாட்டு எல்லை ஊர்களும் சேர்ந்து நட்புறவு, ஒத்துழைப்பு மாநாடு நடத்துகின்றனவாம். வழி தவறி அடுத்த பக்கம் போகிற மாடுகள், ஒரே நாளில் வந்து ஒன்றையொன்று கெடுக்கிற இரண்டு வாரச் சந்தைகள், மேய்ச்சல், கிணறு எல்லாம் பேசப் போகிறார்களாம். இப்போதைய மொழிபெயர்ப்பாளன் தன் கல்யாணத்துக்குப் போய்விட்டானாம்.

“டெம்பா, நீ வந்து உட்காரணும்” என்றார்.

“நான் ஓய்வு பெத்தவன் தலைவரே. வேற ஆளைப் பாருங்க.”

“முதல் நாள் இங்க. ரெண்டாம் நாள் கவுலாக்ல. அரசாங்க வண்டி, போக வர.”

“எத்தனை மணிக்கு வரணும்?” என்றேன்.

இரண்டு நாட்டு நட்பும் எனக்கு முக்கியம்தான், மச்சான், பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட முக்கியம் அந்த வண்டியில் ஓர் இருக்கை. அரசாங்க வேலையாக கவுலாக் வந்த இடத்தில், தற்செயலாக உங்கள் தெரு வழியாகப் போய், தற்செயலாகத் தாகம் எடுத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பதாகத் திட்டம். தண்ணீரை யார் கொண்டுவந்து தருவார்கள் என்று ஐந்து நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமை காலை என் நீல அங்கியை நானே இஸ்திரி போட்டேன். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் முழு வடிவமும் பழுப்பாகப் பதிந்துவிட்டது. பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளனின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் மாமரத்தடியில் மேடை. முந்நூறு பேர் இருக்கும். இரண்டு மரத்துக்கு இடையில் கட்டிய பதாகையில் இரண்டு மொழியிலும் நட்பு வாழ்க என்று எழுதியிருந்தது. எழுதியவன் இடத்தைக் கணக்குப் பண்ணாததால் ‘வாழ்க’ மட்டும் மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டது. வரவேற்பு முடிந்ததும் அன்பளிப்புப் பரிமாற்றம். நாங்கள் அவர்களுக்கு ஒரு ஆட்டுக்கிடாய் கொடுத்தோம். அவர்கள் எங்களுக்கு ஒரு ஆட்டுக்கிடாய் கொடுத்தார்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் கொம்பு முறுக்கியவை, இரண்டின் கழுத்திலும் ரிப்பன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று புகைப்படக்காரன் ஆசைப்பட்டான். ஒரு நிமிஷம் இரண்டு நாட்டுக் கிடாய்களும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தன. அடுத்த நிமிஷம் மேடையில் நாற்காலி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, தலைநகர் பஞ்சுலிலிருந்து வந்த எங்கள் பக்கத்து அதிகாரியின் தண்ணீர்க் குவளை அவர் மடியில் இருந்தது. நான்கு பேர் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி எழுந்து, “இது அளவுகடந்த நெருக்கத்தின் அடையாளம்” என்று பிரெஞ்சில் சொன்னார். நான் முகத்தை மாற்றாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். முப்பது வருஷப் பயிற்சி.

அந்தப் பக்கத்து அதிகாரியின் பெயர் அப்துல் கரீம் இஞ்சாய். நல்ல உயரம், நல்ல குரல், சோற்றின் மேல் நல்ல பற்று என்று வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு மணி நேரம் வேலை ஒழுங்காக நடந்தது. அவர் பிரெஞ்சில் பேச, நான் ஆங்கிலத்தில் சொல்ல, எங்கள் அதிகாரி தலையாட்டினார். எங்கள் அதிகாரி ஆங்கிலத்தில் பேச, நான் பிரெஞ்சில் சொல்ல, அவர் தலையாட்டினார். நடுநடுவே இரண்டு பேரும் குனிந்து “பொரிச்ச மீன் வாசனை வருதே” என்று வொலோஃபில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மாடுகளை மூன்று நாளுக்குள் திருப்பி அனுப்புவது தீர்மானம் ஒன்று. சந்தைகளை வேறு வேறு நாளில் வைப்பது தீர்மானம் இரண்டு. கிணறு மூன்று, மேய்ச்சல் நான்கு. பிறகு இஞ்சாய் முடிவுரைக்கு எழுந்தார். தாளைப் பிரித்து வாசித்தார். நான் காது கொடுத்தேன். “தவிர்க்க முடியாத காரணங்களால், நாளை கவுலாக்கில் நடப்பதாக இருந்த இரண்டாம் அமர்வு ரத்து செய்யப்படுகிறது.”

நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

மச்சான், பிறர் வீட்டு மரணச் செய்தியைக்கூட இரண்டு பாஷையில் நான் தடுமாறாமல் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வரியை என்னால் சொல்ல முடியவில்லை. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த மீன்காரி நேனே எழுந்து, “காலையிலேர்ந்து பெரியவங்க பாஷையிலயே பேசிக்கிட்டிருக்கீங்க, எங்களுக்கும் எதாவது புரியட்டும். டெம்பா, நம்ம பாஷையில சொல்லுய்யா!” என்று கத்தினாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இஞ்சாயும் சரி என்று கைகாட்டிவிட்டு அடுத்த வரியை வாசித்தார். “கடந்த காலத்தில் நம் இரு தரப்புக்கும் இடையே ஏற்பட்ட சிறு மனத்தாங்கல்களுக்காக வருந்துகிறோம்.”

நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். வாய் வொலோஃபுக்குத் திரும்பியது. அதுதான் வினை. பிரெஞ்சும் ஆங்கிலமும் எனக்குச் சட்டை மாதிரி, போட்டுக் கழற்றலாம். வொலோஃபில் நான் அரசாங்கத்துக்காகப் பேசியதே கிடையாது, வீட்டில்தான் பேசியிருக்கிறேன்.

“தப்பு எங்க மேலதான்” என்று ஆரம்பித்தேன். “சின்ன மனத்தாங்கல்னு சொல்றாரு. சின்னது இல்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்த மண்ணுல நடந்து, இந்தத் தண்ணியைக் குடிச்சு, இந்த ஊருல ரெண்டு பிள்ளை பெத்தவளைப் பார்த்து, ஒரு கண்ணாடி கிடைக்கலைங்கற கோபத்துல, உன் நாட்டுக்குப் போன்னு சொல்லிட்டேன். அவளுக்கு ரெண்டு நாடு கிடையாது. கோடு போட்டவனுக்குத்தான் ரெண்டு. அவளுக்கு ஒரே வீடு, நடுவுல ஒரு சாவடி. நான்தான் அன்னைக்கு அந்தச் சாவடியைத் தூக்கிட்டு வந்து முற்றத்துல வெச்சேன். ஏழு மாசமா தினமும் சாயங்காலம் ரோட்டுக்கு வந்து வடக்கேயிருந்து வர்ற காரையெல்லாம் எண்ணிக்கிட்டிருக்கேன். தயவுபண்ணி…” அதற்கு மேல் அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

கிடாய்கள்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டன. பிறகு நேனே பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது முந்நூறு பேருக்கும் கேட்டது.

“யாரைச் சொல்றாரு? அரசாங்கத்தையா, ரோஹியையா?”

“ரோஹியைத்தான். அரசாங்கத்துக்காக எவன் அழுவான்?”

இஞ்சாய் தன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். “நான் இதைச் சொல்லலையே” என்றார் வொலோஃபில். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா சொல்லியிருக்கலாம்” என்றார். “நீங்க என்ன குலம், பெரியவரே?”

“ஜோப்.”

“அந்த அம்மா?”

தலையைக் குனிந்துகொண்டு, “இஞ்சாய்” என்றேன்.

அவ்வளவுதான். அதிகாரி காணாமல் போய்விட்டார், கேலி முறைக்காரன் எழுந்து நின்றான். “கேட்டீங்களா ஜனங்களே! ஒரு ஜோப்பு, எங்க வீட்டுப் பொண்ணை, எங்க ராஜகுமாரியை, நாட்டை விட்டே அனுப்பியிருக்கான்! முதுகுல பாருங்க, இஸ்திரி போடத் தெரியலை, இவனுக்கு ரோஷம்!” கூட்டத்திலிருந்த இஞ்சாய்கள் எல்லாம் கைதட்டினார்கள். ஜோப்புகள் எழுந்து நின்று பதிலுக்கு அவர்கள் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள். பத்து நிமிஷம் இரண்டு நாட்டு நட்பும் தன் உச்சியில் இருந்தது. எங்கள் அதிகாரி மட்டும் ஈர மடியோடு உட்கார்ந்து, “இது நிகழ்ச்சி நிரலில் இல்லையே” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

“அப்ப இதையும் தீர்மானம் ஒண்ணுல சேர்த்துடலாமா? எல்லை தாண்டிப் போனதைத் திருப்பி அனுப்புறதுன்னு ஏற்கெனவே எழுதியிருக்கே” என்று மாநாட்டு எழுத்தர் யோசனை சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு செருப்பு வந்தது. “ரோஹியை மாட்டோட சேர்க்கிறியா? தனியா எழுதுடா!” என்றாள் நேனே. தனியாக எழுதினார்கள். அதை நான்தான் இரண்டு மொழியிலும் பெயர்த்து, மொழிபெயர்ப்பு சரியானது என்று அடியில் கையெழுத்தும் போட்டேன். உங்களுக்காக நம் பாஷையில் தருகிறேன்: “தீர்மானம் ஐந்து. காம்பியாவைச் சேர்ந்த திரு. டெம்பா ஜோப் தன் வாயால் கெடுத்த உறவைத் தன் காலால் நடந்து சென்று சீர்செய்ய இரு தரப்பும் முழு ஒத்துழைப்பு அளிக்கும். வரும் வியாழக்கிழமை இரு நாட்டுப் பெரியவர்கள் பெண் கேட்கும் முறைப்படி கோலாக் கொட்டைகளுடன் கவுலாக் சென்று திருமதி ரொக்காயா இஞ்சாய் அவர்களை உரிய மரியாதையுடன் கேட்டு அழைத்து வருவார்கள்.” ஒருமனதாக நிறைவேறியது. ஒரே ஓர் எதிர்ப்பு எங்கள் அதிகாரியுடையது. அவரும் மீன் பரிமாறியதும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் எதற்கு இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும். வியாழக்கிழமை உங்கள் வாசலில் முப்பது பேர் வந்து இறங்கப் போகிறோம். இரண்டு கொடி, ஒரு மேளம், இரண்டு அதிகாரிகள், சண்டை போடாமல் இருந்தால் இரண்டு கிடாய்கள். பெரிய பானையைக் கடன் வாங்கி வையுங்கள். இஞ்சாய் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வராது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நீங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் விருந்தாளிகளுக்குப் போட வேண்டும் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். இன்னொன்று, வானொலிக்காரர்கள் நான் பேசியது முதல் தீர்மானம் ஐந்து வரைக்கும் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை மதியச் செய்திக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒலிபரப்பப் போகிறார்களாம். அதற்கு முன்னால் நீங்கள் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட வேண்டும். வானொலியில் கேட்டாளோ, என் மானத்தை வாங்கிவிட்டான் கிழவன் என்று டாக்காரில் இருக்கிற உங்கள் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே வர எந்தத் தீர்மானத்துக்கும் அதிகாரம் இல்லை.

எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன். நான் மெலிந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். பூனை விஷயம் வேண்டாம். கார்களை எண்ணுகிற விஷயம் கூடவே கூடாது. டெம்பா ராஜா மாதிரி இருக்கிறான், அரசாங்கம் கட்டாயப்படுத்துவதால் வருகிறான் என்று சொல்லுங்கள். அவள் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தில் ஒரு வசவு வருகிற மாதிரி இருந்தால், எந்த வசவாக இருந்தாலும் சரி, என் குலத்தையே, என் ஏழு தலைமுறையையே இழுக்கிற வசவாக இருந்தாலும் சரி, ஒரு சொல் விடாமல் எழுதி மூசாவிடம் கொடுத்தனுப்புங்கள். அது போதும் எனக்கு. ஏழு மாதமாக என்னை யாரும் திட்டவில்லை, மச்சான். எல்லாரும் மரியாதையாக நடத்துகிறார்கள். மனுஷனுக்கு இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

அல்லாஹ் உங்கள் வாசலை ஆள் வருகிற வாசலாகவும், உங்கள் பானையை அடி தெரியாத பானையாகவும், உங்கள் காதுகளில் ஒன்றையாவது கேட்கிற காதாகவும் ஆக்கி அருள்வானாக. உங்கள் மனைவிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. சுவர்த் தகராறுக்காரருக்கும் ஒரு சலாம் சொல்லுங்கள், வியாழக்கிழமை அவர் வீட்டு நிழலும் நமக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் என்று இன்னும் சொல்லிக்கொள்ளும்
டெம்பா ஜோப்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ரோஹி நிற்கிறாள். தலையெல்லாம் புழுதி, கையில் ஒரு பை.

வானொலியில் இன்று காலை ஏழு மணிக்குப் பேச வேண்டிய மார்க்க அறிஞர் வரவில்லையாம். இடம் காலியாக இருக்கிறதே என்று என்னைப் போட்டுவிட்டார்களாம். எட்டு மணி காரில் ஏறிவிட்டாள். உங்களிடம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நீங்கள் இப்போது அவளைச் சந்தையில் தேடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போங்கள்.

நான் எழுந்து நின்றேன். அவளே பேசினாள்.

“வியாழக்கிழமை எத்தனை பேர் வர்றீங்க?”

“முப்பது. ஆனா அதான் நீயே வந்துட்டியே ரோஹி. இனிமே எதுக்கு?”

“யார் வந்தது? நான் வரலை. மூணு மணி காருல திரும்பிப் போறேன்.”

“திரும்பியா?”

“பின்னே? ரெண்டு நாட்டுப் பெரியவங்க கொடி பிடிச்சுக்கிட்டு கோலாக் கொட்டையோட கேட்டு வர்ற நாள்ல நான் என் அண்ணன் வீட்டுல இல்லைன்னா எங்க குடும்பத்துக்கு என்ன மரியாதை? வரணும். கேட்கணும். ஒரு தடவை முடியாதும்பேன். ரெண்டாவது தடவையும் முடியாதும்பேன். மூணாவது தடவை யோசிப்பேன்.”

“அப்ப இப்ப எதுக்கு வந்தே?”

பையிலிருந்து ஒரு கட்டு இலையை எடுத்து மேஜையில் வைத்தாள். காய்ந்த கிங்கிலிபா இலை.

“தயவுபண்ணின்னு சொன்னியே, அதுக்கு முன்னால ரெண்டு தடவை இருமினே. வறட்டு இருமல். எத்தனை நாளா இருக்கு? முந்நூறு பேர் கேட்டாங்களே, ஒருத்தருக்கும் அது காதுல விழலையா? இதை ராத்திரியும் காலையிலயும் கொதிக்க வெச்சுக் குடி. இஸ்திரி போடத் தெரியாது, இருமத் தெரியாது, அழக்கூட வானொலி வேணும். ஜோப்புன்னு பேர் வெச்சவன் யோசிச்சுத்தான் வெச்சிருக்கான்.”

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் பார்த்து, பூனையைப் பார்த்து, திரும்பி என்னைப் பார்த்து இன்னும் நிறையச் சொன்னாள். எதையும் இங்கே எழுத மாட்டேன். அவையெல்லாம் எனக்கு.

ஆகவே, மச்சான், அவள் ஐந்து மணிக்கு உங்கள் வீட்டில் இருப்பாள். வியாழக்கிழமை வரைக்கும் பத்திரமாக வைத்திருங்கள். மூசாவிடம் கொடுக்கவில்லை, இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டுவருகிறாள். உறையை ஒட்டாமல்தான் தருகிறேன், ஒட்டினாலும் வழியில் பிரிக்கத்தான் போகிறாள். மணி இரண்டேகால் ஆகிறது. இலைத் தண்ணீர் கொதித்துவிட்டது. ஒரு டம்ளர் ஊற்றி எனக்கு முன்னால் வைத்துவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்து, முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். கார் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உங்களுக்கு எழுதுவதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.